டால்பின்கள் பேசிக்கொள்வதை எப்படி ஆராய்கிறார்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டால்பின் பற்றி எங்கே பேச்சு வந்தாலும் "அது நம்மோடு பேசுமா?" என்றுதான் முதலில் கேட்கிறோம். அவை தமக்குள் என்ன பேசிக்கொள்கின்றன என்று தெரிந்துகொள்ள, அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகச் சிலர் படகிலும் கரையிலும் காது கொடுத்துக் காத்திருக்கிறார்கள். அவர்கள் எப்படி வேலை செய்கிறார்கள் என்பதைப் பற்றி வழக்கமாக வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். ஓங்கில் என்ற அழகான தமிழ்ப்பெயர் இருந்தாலும் எல்லோருக்கும் பழகிய டால்பின் என்ற சொல்லையே பயன்படுத்துகிறேன்.

டால்பின் என்னென்ன சத்தம் போடும்?

பெரும்பாலும் மூன்று வகையாகப் பிரிப்பார்கள். முதலாவது 'க்ளிக்'. ஒரு நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கைவிடக் குறைவான நேரமே நீடிக்கும் மிகச் சிறிய சொடுக்கு இது. இதை அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியை வைத்து எதிரே இருப்பது மீனா பாறையா என்று டால்பின் தெரிந்துகொள்ளும். இரண்டாவது விசில், அதாவது ஏறி இறங்கி வளைந்து போகும் சீழ்க்கை. மூன்றாவது, க்ளிக்குகளை நெருக்கமாக அடுக்கி எழுப்பும் கரகரச் சத்தம். நம் காதுக்கு அது கதவு கிறீச்சிடுவது போலவோ நாய் குரைப்பது போலவோ இருக்கும். சண்டை, விரட்டல், உற்சாகமான விளையாட்டு போன்ற நேரங்களில் இது அதிகம் கேட்கும்.

இவை தவிர உடம்பாலும் பேசும். வாலால் தண்ணீரை அறையும், தாடையைப் பட்டென்று மூடும், பக்கத்தில் நீந்துவதைத் துடுப்பால் தடவிக் கொடுக்கும். சத்தத்தை மட்டும் பதிவு செய்து, அந்த நேரத்தில் உடம்பு என்ன செய்தது என்பதைக் குறித்துக்கொள்ளாவிட்டால் அந்தப் பதிவில் பாதி விஷயம் காணாமல் போய்விடும்.

வாயைத் திறக்காமலே எப்படிச் சத்தம் போடுகிறது?

தலை உச்சியில் மூச்சுவிடும் துளை இருக்கிறது அல்லவா, அதற்குச் சற்றுக் கீழே நாசிப் பாதையில் உதடு போன்ற திசுக்கள் இரண்டு ஜோடி இருக்கின்றன. காற்றை அவற்றின் ஊடே தள்ளும்போது அவை அதிர்கின்றன. நெற்றியில் உள்ள கொழுப்புத் திரள் அந்தச் சத்தத்தைக் குவித்து முன்னால் அனுப்புகிறது. திரும்பி வரும் சத்தம் பெரும்பாலும் கீழ்த்தாடை வழியாகத்தான் உள்காதுக்குப் போகிறது.

விசில் என்று நாம் சொன்னாலும் நாம் உதட்டைக் குவித்து அடிக்கும் விசிலுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. இதை உறுதி செய்த விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். 1977இல் ஒரு டால்பினுக்கு ஹீலியமும் ஆக்சிஜனும் கலந்த காற்றைச் சுவாசிக்கக் கொடுத்து அதன் விசிலைப் பதிவு செய்திருந்தார்கள். அந்தப் பழைய பதிவுகளை 2012இல் மறுபடி எடுத்து ஆராய்ந்தார்கள். ஹீலியத்தில் ஒலி வேகமாகப் பாயும். எனவே உள்ளே அடைபட்ட காற்று அதிர்ந்து விசில் பிறக்கிறது என்றால் அதன் சுருதி ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை. ஆக, அதிர்வது திசுதான், நம் குரல்நாண்களைப் போல.

இந்தச் சத்தங்கள் நமக்குக் கேட்குமா? எதில் பதிவு செய்கிறார்கள்?

விசில் கேட்கும், அதன் உச்சிப் பகுதி சில நேரம் தப்பிவிடும். க்ளிக்கில் நமக்குக் கேட்பது தாழ்ந்த சுருதிப் பகுதி மட்டும்தான். மனிதக் காதின் எல்லை சுமார் 20 கிலோஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 20,000 அதிர்வு. பாட்டில்மூக்கு டால்பினின் க்ளிக் 100 கிலோஹெர்ட்ஸைத் தாண்டும், அதன் காது 150 வரை கேட்கும்.

பதிவு செய்ய ஹைட்ரோபோன் என்ற நீருக்கடி மைக் இருக்கிறது. அதற்குள் இருக்கும் பொருள், நீரின் அழுத்தம் மாறும்போதெல்லாம் சிறு மின்னழுத்தத்தை உண்டாக்கும். அதைக் கணினி எண்களாக எழுதிக்கொள்ளும். எந்த அதிர்வெண் வேண்டுமோ, நொடிக்கு அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் அளவெடுத்தாக வேண்டும். சாதாரண ஒலிப்பதிவு நொடிக்கு 44,100 அல்லது 48,000 முறை அளவெடுக்கும். 150 கிலோஹெர்ட்ஸைப் பிடிக்க வேண்டுமானால் 3 லட்சத்துக்கு மேல் தேவை. சரியான கருவி இல்லாமல் எடுத்த பதிவை வைத்து "டால்பின் அந்த நேரம் அமைதியாக இருந்தது" என்று யாராவது சொன்னால் அதை நம்ப வேண்டாம்.

கூட்டமாக நீந்தும்போது எந்த டால்பின் சத்தம் போட்டது என்று எப்படித் தெரியும்?

என்னைக் கேட்டால் இந்தத் துறையின் மிகக் கடினமான கேள்வி இதுதான். என்ன அர்த்தம் என்று கேட்பதற்கு முன்னால், யார் சொன்னது, யாரிடம் சொன்னது என்று தெரிந்தாக வேண்டும். டால்பின் வாய் அசைவதில்லை. தண்ணீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் பாய்கிறது, காற்றில் போவதைவிட நாலு மடங்குக்கும் மேல். அதனால் நீருக்கடியில் சத்தம் இடப்பக்கமிருந்து வந்ததா வலப்பக்கமிருந்து வந்ததா என்று நம் காதால் சொல்ல முடியாது.

முன்பு ஒரு குறுக்குவழி இருந்தது. சில நேரம் விசிலோடு சேர்ந்து மூச்சுத்துளையிலிருந்து குமிழிகள் வரிசையாக மேலே வரும். குமிழி விட்டது எதுவோ அதுதான் விசில் அடித்தது என்று குறித்துக்கொண்டார்கள். ஆனால் குமிழியோடு வரும் விசில்கள், குமிழி இல்லாமல் வருபவற்றுக்குச் சரியான மாதிரி அல்ல என்று பின்னால் தெரிந்தது. எளிதாகக் கண்ணில் பட்டதை மட்டும் எண்ணினால் கணக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும்.

இப்போது முக்கியமாக மூன்று வழிகள். ஒன்று, பல ஹைட்ரோபோன்களைத் தள்ளித்தள்ளிப் பொருத்துவது. 3 மீட்டர் இடைவெளியில் இரண்டு வைத்தால், ஒரே விசில் இரண்டையும் அடையும் நேர வித்தியாசம் அதிகபட்சம் 2 மில்லிநொடி. அந்த 2 மில்லிநொடிக்குள் இருக்கும் சின்னச் சின்ன வித்தியாசங்களை வைத்துத்தான் திசையைக் கணக்கிடுகிறார்கள். இரண்டாவது, உறிஞ்சுகுப்பி வைத்து முதுகில் ஒட்டும் பதிவுக்கருவி. சில மணி நேரத்தில் தானாகக் கழன்று மிதக்கும், போய் எடுத்துக்கொள்ளலாம். மூன்றாவது, மேலே ட்ரோன் பறக்கவிட்டு, யார் எங்கே இருந்தது, சத்தம் வந்ததும் யார் எந்தப் பக்கம் திரும்பியது என்று படம்பிடிப்பது.

இத்தனையும் பயன்பட வேண்டுமானால் அந்த டால்பின் யார் என்று முதலில் தெரிய வேண்டும். முதுகுத் துடுப்பின் ஓரத்தில் உள்ள கீறல்களும் வெட்டுகளும் ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு. அதைப் படம் எடுத்து, பெயரோ எண்ணோ கொடுத்து, ஆண்டுக்கணக்காகப் பின்தொடர்கிறார்கள். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் உள்ள சரசோட்டா வளைகுடாவில் 1970இல் தொடங்கிய ஆய்வு இன்றும் நடக்கிறது. காட்டு டால்பின்களைப் பற்றி உலகில் இவ்வளவு நீண்ட காலம் நடக்கும் ஆய்வு வேறு இல்லை. யாருக்கு யார் தாய், யாருக்கு யார் பாட்டி என்று அங்கே சொல்ல முடியும்.

பதிவு செய்த சத்தத்தை எப்படிப் 'படிக்கிறார்கள்'?

ஸ்பெக்ட்ரோகிராம் என்ற படமாக மாற்றுவார்கள். இடமிருந்து வலமாக நேரம், கீழிருந்து மேலாகச் சுருதி. முதல் தடவை அதைப் பார்த்தபோது நான் கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்துவிட்டேன். காதுக்கு வெறும் 'ஊ...யீ' என்று கேட்டது திரையில் ஒரு கோடாக எழுந்து, மலைமுகடு போல வளைந்து, சரிந்து இறங்கி, மறுபடி எழுகிறது. சில நொடிகள் கழித்து அதே கோடு, அதே வளைவு, அதே இறக்கம். க்ளிக்குகளோ செங்குத்தான மெல்லிய கீற்றுகளாக, சீப்பின் பற்கள் போல நிற்கும்.

டால்பின்களுக்குப் பெயர் உண்டு என்கிறார்களே, உண்மையா?

பெயர் என்ற சொல்லைக் கொஞ்சம் கவனமாகப் பயன்படுத்தினால், ஆமாம்.

1965இல் மெல்பா கால்டுவெல், டேவிட் கால்டுவெல் என்ற தம்பதி, ஒவ்வொரு பாட்டில்மூக்கு டால்பினும் தனக்கென ஒரு விசில் வடிவத்தையே திரும்பத் திரும்ப அடிக்கிறது என்று எழுதினார்கள். அதை அடையாள விசில் என்று சொல்லலாம். குட்டி பிறந்த முதல் வருடத்தை ஒட்டி, சுற்றிலும் கேட்பதிலிருந்து கற்றுக்கொண்டு தனக்கான வடிவத்தை அமைத்துக்கொள்கிறது. பிறகு அது பல பத்தாண்டுகள், குறிப்பாகப் பெண் டால்பின்களிடம், பெரிதாக மாறுவதில்லை.

சரி, அது பெயரா, வெறும் குரல் அடையாளமா? தொலைபேசியில் "நான்தான்" என்றாலே அம்மாவைத் தெரிந்துகொள்கிறோம். அங்கே வேலை செய்வது குரல், சொல் எதுவாக இருந்தாலும் கவலையில்லை. டால்பினுக்கும் அப்படித்தானா என்று பார்க்க வின்சென்ட் யானிக், லேலா சாயிக், ரேண்டல் வெல்ஸ் மூவரும் சரசோட்டாவில் ஒரு சோதனை செய்தார்கள். விசிலின் வளைவை மட்டும் வைத்துக்கொண்டு, குரலின் தன்மை எதுவும் இல்லாத செயற்கை ஒலியைக் கணினியில் உருவாக்கி ஒலிபரப்பினார்கள். அப்படியும் 14 டால்பின்களில் 9, தம் உறவினரின் விசில் வந்த பக்கமே அதிகம் திரும்பின. முடிவு 2006இல் வெளியானது. குரல் யாருடையது என்று தெரியாவிட்டாலும் வளைவே ஆளைச் சொல்லிவிடுகிறது.

அடுத்து, கூப்பிட்டால் பதில் சொல்லுமா? ஸ்காட்லாந்தின் கிழக்குக் கடலோரம் ஸ்டெஃபனி கிங்கும் யானிக்கும் படகில் ஒரு கூட்டத்தைப் பின்தொடர்ந்து, அதில் இருந்த ஒன்றின் அடையாள விசிலைக் கண்டுபிடித்து, அதன் செயற்கை நகலை அங்கேயே தண்ணீருக்குள் ஒலிக்கவிட்டார்கள். விசிலுக்கு உரியது தன் விசிலையே திருப்பி அடித்தது. வேறு டால்பினின் விசிலைப் போட்டால் அப்படிப் பதில் வரவில்லை. 2013இல் வெளியான இந்த ஆய்வுக்கு முன்பே, தாயும் குட்டியும், நெருங்கிய ஆண் நண்பர்களும் பிரிந்திருக்கும்போது ஒன்று மற்றொன்றின் விசிலை அப்படியே நகல் செய்து அடிப்பதையும் கவனித்திருந்தார்கள்.

நம் பெயருக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. நமக்குப் பெயர் வைப்பது பிறர். டால்பினோ தன் விசிலைத் தானே அமைத்துக்கொள்கிறது, பெரும்பாலும் தானே சொல்லிக்கொள்கிறது.

ஒருமுறை பழகியதை எவ்வளவு காலம் நினைவு வைத்திருக்கும்?

ஜேசன் ப்ரக் என்ற ஆய்வாளர், இனப்பெருக்கத்துக்காக ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாற்றப்பட்ட வளர்ப்பு டால்பின்களிடம் பழைய கூட்டாளிகளின் விசிலை ஒலிக்கவிட்டுப் பார்த்தார். தெரியாத விசிலுக்குச் சீக்கிரம் சலித்துப்போனவை, பழகிய விசிலைக் கேட்டதும் ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் வந்து நின்றன. பெய்லி என்ற பெண் டால்பின், ஆலி என்ற கூட்டாளியைப் பிரிந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்தும் அதன் விசிலை அடையாளம் கண்டுகொண்டது.

அதே ப்ரக்கும் சகாக்களும் 2022இல் இன்னொன்றைக் காட்டினார்கள். சிறுநீரின் சுவையை வைத்தும் டால்பின்கள் ஆளைத் தெரிந்துகொள்கின்றன. சுவையும் விசிலும் ஒரே ஆளுடையதாக இருந்தால் ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் அதிக நேரம் இருந்தன. அப்படியானால் அந்த விசில் அவற்றின் மனதில் ஒரு முழு ஆளோடு ஒட்டியிருக்கிறது.

குட்டியிடம் கொஞ்சிப் பேசுமா?

நாம் குழந்தையிடம் பேசும்போது குரல் மேலே ஏறுகிறது. சரசோட்டாவில் 19 தாய் டால்பின்களின் விசிலை, குட்டி கூட இருந்தபோதும் இல்லாதபோதும் பதிவு செய்து ஒப்பிட்டார்கள். குட்டி இருக்கையில் விசிலின் உச்சச் சுருதி கூடியது. 2023இல் வெளியான இந்த ஆய்வுக்கு, ஒரே தாயை வெவ்வேறு ஆண்டுகளில் எடுத்த பதிவுகள் தேவைப்பட்டன. பல பத்தாண்டுப் பதிவுகள் பத்திரமாக இருந்ததால்தான் முடிந்தது.

பிடித்து வைத்துப் பதிவு செய்வது கொடுமை இல்லையா?

நியாயமான கேள்வி. சரசோட்டாவில் ஆழம் குறைந்த நீரில் வலை வளைத்துப் பிடித்து, உடல்நலப் பரிசோதனை செய்து விட்டுவிடுகிறார்கள். அந்த நேரத்தில் நெற்றியில் ஹைட்ரோபோன் ஒட்டி எடுத்தவைதான் பெரும்பாலான பதிவுகள். ஏறத்தாழ 300 டால்பின்களின் விசில்கள் அப்படிச் சேர்ந்திருக்கின்றன. அது டால்பினுக்குச் சங்கடமான நேரம் என்பதில் சந்தேகம் இல்லை. கிடைத்த மருத்துவத் தகவல் அவற்றைக் காப்பாற்றவும் உதவுகிறது என்பதால் இதை என்னால் ஏற்றுக்கொள்ள முடிகிறது. தொட்டியில் ஆயுள் முழுக்க அடைத்து வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை, அதிலிருந்து எவ்வளவு அறிவு கிடைத்திருந்தாலும்.

டால்பினுக்கு மனித மொழி சொல்லிக்கொடுத்தார்களாமே?

1960களில் ஜான் லில்லி என்ற அமெரிக்க ஆய்வாளர் அதற்குத்தான் முயன்றார். 1965இல் கரீபியனில் உள்ள செயின்ட் தாமஸ் தீவில் ஒரு வீட்டுக்குள் தண்ணீரை நிரப்பி, மார்கரெட் ஹோவ் என்ற இளம்பெண் பீட்டர் என்ற டால்பினோடு வாரக்கணக்கில் தங்கி ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தார். பீட்டர் ஓசைகளை நகல் செய்ய முயன்றது, மொழி வரவில்லை. லில்லி டால்பின்களுக்கு எல்எஸ்டி போதைமருந்தும் செலுத்தினார். இது மன்னிக்கக்கூடிய காரியம் என்று நான் நினைக்கவில்லை.

ஹவாயில் லூயிஸ் ஹெர்மன் செய்தது வேறு ரகம். பேச வைக்க அவர் முயலவில்லை. புரிகிறதா என்று மட்டும் சோதித்தார். அகேயகமாய் என்ற டால்பினுக்குக் கைச்சைகைகளால் ஒரு சின்ன மொழி கற்பித்தார். 'ஆள், பலகை, கொண்டுபோ' என்று சைகை காட்டினால் பலகையை ஆளிடம் கொண்டுபோக வேண்டும். 'பலகை, ஆள், கொண்டுபோ' என்றால் ஆளைப் பலகையிடம் கொண்டுபோக வேண்டும். சொற்கள் அவைதான், வரிசை மட்டும் மாறுகிறது. அகேயகமாய் இரண்டையும் பிரித்துப் புரிந்துகொண்டது. ஆனால் இது நாம் உருவாக்கிய மொழி அதற்குப் புரியுமா என்பதற்கான பதில். கடலில் அவை தமக்குள் என்ன சொல்லிக்கொள்கின்றன என்பது இதில் வராது.

செயற்கை நுண்ணறிவு டால்பின் மொழியை மொழிபெயர்த்துவிட்டதா?

இல்லை. 2025இல் கூகுள், டால்பின்ஜெம்மா என்ற மாதிரியை அறிவித்தது. பஹாமாஸ் கடலில் 1985 முதல் புள்ளி டால்பின்களைப் பின்தொடரும் டெனிஸ் ஹெர்ஸிங் குழுவின் பதிவுகளில் அதைப் பயிற்றுவித்தார்கள். ஒரு சத்தத்துக்கு அடுத்து எந்தச் சத்தம் வரலாம் என்று அது கணிக்கும், ஒழுங்குகளைத் தேடித் தரும். அர்த்தத்தைச் சொல்லாது.

ஹெர்ஸிங் குழு நீருக்கடியில் அணியும் ஒரு கணினியையும் வைத்திருக்கிறது. கயிறு, சார்காசம் என்ற கடற்பாசி போன்ற விளையாட்டுப் பொருட்களுக்குப் புதிதாக விசில்களை உருவாக்கி, டால்பின் அவற்றை நகல் செய்து அந்தப் பொருளைக் கேட்குமா என்று பார்க்கிறார்கள். 2013இல் ஒருமுறை ஒரு டால்பினின் விசிலைக் கருவி 'சார்காசம்' என்று காட்டியது. பத்திரிகைகள் கொண்டாடின. ஒரே ஒரு முறை நடந்ததை ஆதாரமாக எடுத்துக்கொள்ள முடியாது.

எனக்கு நம்பிக்கை தருவது வேறொன்று. சரசோட்டாவில் அடையாள விசில் அல்லாத, பல டால்பின்கள் பொதுவாகப் பயன்படுத்தும் விசில் வகைகளை 20க்கும் மேல் பிரித்திருக்கிறார்கள். ஒன்று எச்சரிக்கை போல இருக்கிறது, இன்னொன்று எதிர்பாராத ஏதாவது நடந்தால் வருகிறது. லேலா சாயிக் குழுவுக்கு 2025இல் இதற்காக 1 லட்சம் டாலர் பரிசு கிடைத்தது. கணினி இதில் உதவும். ஆனால் எந்த விசில் யாரிடமிருந்து, எந்தச் சூழ்நிலையில் வந்தது என்ற குறிப்பு இல்லாமல் எவ்வளவு பெரிய கணினிக்கும் பிடி கிடைக்காது.

எல்லா டால்பின்களும் இப்படித்தானா?

இல்லை. ஹெக்டர் டால்பின் போன்ற சில இனங்கள் விசிலே அடிப்பதில்லை. மிக உயர்ந்த சுருதியில் க்ளிக் மட்டும்தான். டால்பின் குடும்பத்திலேயே பெரியதான ஓர்க்கா, குடும்பத்துக்குக் குடும்பம் வேறு வட்டார வழக்கு வைத்திருக்கிறது. கனடாவின் மேற்குக் கடலில் ஜான் ஃபோர்டு அதைக் காதால் கேட்டே இன்ன கூட்டம் என்று சொல்லும் அளவுக்குப் பட்டியலிட்டார்.

கப்பல் சத்தம் அவற்றின் பேச்சைக் கெடுக்கிறதா?

கெடுக்கிறது, அளந்தும் பார்த்திருக்கிறார்கள். டெல்டா, ரீஸ் என்ற இரண்டு டால்பின்கள், குளத்தின் இரு முனைகளில் உள்ள பொத்தான்களை ஒரு நொடிக்குள் சேர்ந்து அழுத்த வேண்டும். நீருக்கடியில் இரைச்சலைக் கூட்டியபோது இரண்டும் இன்னும் உரக்க, இன்னும் நீளமாக விசில் அடித்தன, ஒன்றையொன்று பார்க்கும்படி உடம்பைத் திருப்பிக்கொண்டன. அப்படியும் வெற்றி 85 சதவீதத்திலிருந்து 62.5 ஆகக் குறைந்தது. 2023இல் வெளியான ஆய்வு இது. இரைச்சலான சந்தையில் பிள்ளையைத் தேடிக் கத்தும் தாயைப் போலத்தான் கடலில் அவற்றின் நிலை.

வீட்டில் இருந்தபடி நானும் கேட்டுப் பார்க்க முடியுமா?

தாராளமாக. அமெரிக்காவின் வுட்ஸ் ஹோல் கடலாய்வு நிறுவனம், வில்லியம் வாட்கின்ஸ் சேகரித்த கடல் பாலூட்டிகளின் ஒலித்தொகுப்பை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. பாட்டில்மூக்கு டால்பின் பதிவு ஒன்றை இறக்கி, ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் திறந்து, ஸ்பெக்ட்ரோகிராம் காட்சிக்கு மாற்றுங்கள். ஒரே வளைவு 1 முதல் 10 நொடி இடைவெளியில் திரும்பத் திரும்ப வருகிறதா என்று தேடுங்கள். யார் என்று தெரியாத கூட்டத்தில் அடையாள விசிலைக் கண்டுபிடிக்க ஆய்வாளர்கள் பயன்படுத்துவதும் இதே இடைவெளிக் கணக்குதான். அந்த வளைவை ஒரு தாளில் பென்சிலால் வரைந்து வைத்துக்கொண்டு, பதிவின் மீதியில் அது இன்னும் எங்கெல்லாம் வருகிறது என்று பாருங்கள். அப்புறம் அதற்கு வேறொரு வளைவு உடனே பதிலாக வருகிறதா என்றும் பாருங்கள்.